அஞ்சு ஆட்டம் முடிந்ததும் பாயிண்ட் டேபிளைத் தூக்கிக்கொண்டு வராதீங்க

ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்காது. அதற்குள் கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். "இந்த வருஷம் கப் நமக்குத்தான்" என்று ஒருத்தர், "கோச்சை மாத்துங்கடா" என்று இன்னொருத்தர். நம்ம பக்கம் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டைக்கும் ஆள் உண்டு, சென்னையின் எஃப்சியின் நீலச் சட்டைக்கும் ஆள் உண்டு. வாளையாறு தாண்டினால் கணக்கு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். இரண்டு கூட்டமும் ஒரே தப்பைச் செய்கிறது: ஐந்து ஆட்டத்துப் பாயிண்டை வைத்து டீமை எடை போடுகிறது.

என் கட்சி இது. சீசன் தொடக்கத்தில் தெரிகிற பலத்தைப் பாதிக்குமேல் நம்பாதீங்க. பலவீனத்தை நம்பலாம், ஆனால் அது எந்த வகை என்று பிரித்துப் பார்த்த பிறகு. ஆட்கள் ஒருவருக்கொருவர் பழகாததால் வருகிற ஓட்டை தானாக அடையும். டீமைக் கட்டிய விதத்திலேயே இருக்கிற ஓட்டை சீசன் முடியும் வரைக்கும் ஒழுகும்.

பாயிண்ட் டேபிள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2024-25 ஐ.எஸ்.எல். சீசனே போதும். பஞ்சாப் எஃப்சி முதல் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தது. முதல் ஆட்டமே கொச்சியில், திருவோணத்தன்று, பிளாஸ்டர்ஸை 2-1 என்று சாய்த்தார்கள். ஈஸ்ட் பெங்கால் முதல் ஆறு ஆட்டத்தையும் தோற்றது. சீசன் முடிந்தபோது ஈஸ்ட் பெங்கால் ஒன்பதாவது, பஞ்சாப் பத்தாவது. ஒன்பது பாயிண்ட் எடுத்துத் தொடங்கியவர்கள், ஆறு தோல்வியோடு தொடங்கியவர்களுக்குக் கீழே போய் நின்றார்கள். அந்த சீசனில் ஒரு டீமுக்கு இருபத்து நான்கு ஆட்டம், அதில் ஐந்து ஆட்டம் என்பது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் யாரோடு, எங்கே, எத்தனை நாள் ஓய்வுக்குப் பிறகு ஆடினார்கள் என்பது ஒவ்வொரு டீமுக்கும் வேறு வேறு.

இப்போது நம்ம ஆளுங்களுக்கு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். அதே சீசனில் மோகன் பகான் முதல் மூன்று ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கியது. மும்பையோடு 2-0 என்று முன்னால் இருந்து 2-2. நார்த் ஈஸ்ட்டோடு 3-2 என்று இழுத்துப் பிடித்து வெற்றி. பெங்களூரில் 0-3. "டிஃபென்ஸ் முடிஞ்சுது, கோச் மொலினா போயிருவான்" என்று எழுதியவர்கள் நிறைய. கடைசியில் அவர்கள் 56 பாயிண்டோடு லீக் முதலிடத்துக்கான ஷீல்டு வாங்கினார்கள், அதற்குப் பிறகு நடக்கும் நாக் அவுட்டில் கப்பும் வாங்கினார்கள். பிளாஸ்டர்ஸோ முதல் எட்டு ஆட்டத்தில் ஒன்றில்கூட கோல் வாங்காமல் தப்பிக்கவில்லை, அந்த எட்டிலும் கோல் அடிக்கவும் செய்தார்கள். "அட்டாக் பயங்கரம், டிஃபென்ஸ் போகப்போக சரியாகிடும்" என்றார்கள். சரியாகவில்லை. டிசம்பரில் கோச் ஸ்டாரே வெளியே போனார், டீம் எட்டாவது இடத்தில் முடித்தது.

இரண்டு டீமும் கோல் வாங்கியது, இரண்டுக்கும் புதுக் கோச். எங்கே வித்தியாசம்? நாலு வெளிநாட்டு ஆட்களை எங்கே நிறுத்தினார்கள் என்பதில்.

ஐ.எஸ்.எல்.லில் ஒரே நேரத்தில் களத்தில் நாலு வெளிநாட்டு ஆட்கள்தான் இருக்கலாம். எந்த கிளப்பைப் பற்றியும் பேசுவதற்கு முன் நான் பார்க்கிற முதல் விஷயம் இதுதான். மோகன் பகான் நாலில் இரண்டைப் பின்னால் போட்டது: டாம் ஆல்ட்ரெட், ஆல்பெர்ட்டோ ரோட்ரிகஸ் என்று இரண்டு ஸ்டாப்பர்கள், அதாவது நடு டிஃபென்டர்கள். இரண்டு பேருமே அந்த வருஷம்தான் கிளப்புக்கு வந்தவர்கள். விங்கில் மன்வீர், லிஸ்டன், மிட்ஃபீல்டில் அபுயா என்று இந்தியா ஆடுகிற ஆட்கள் இருந்ததால், முன்னால் இரண்டு வெளிநாட்டவரே போதும் என்ற தைரியம் அவர்களுக்கு. செப்டம்பரில் வாங்கிய கோல்கள் இரண்டு புது ஸ்டாப்பர்கள் யார் முன்னேறுவது, யார் பின்னால் மூடுவது என்று பேசிப் பழகாததன் விலை. ஐந்தாறு ஆட்டத்தில் அது அடைந்துவிட்டது. அவர்களுடைய கோலி விஷால் கைத் அந்த சீசனில் சிறந்த கோலிக்கான கோல்டன் கிளவ் வாங்கினார். போதாததற்கு அந்த ஸ்டாப்பர்களும் சுபாசிஷ் போஸும் கார்னரில் முன்னேறி கோலும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிளாஸ்டர்ஸில் நோவா சதாவி, ஜீசஸ் ஹிமெனஸ், லூனா என்று மூன்று பேர் முன்பக்கம். மிச்சமிருப்பது ஒரே ஒரு வெளிநாட்டு இடம். பின்னால் டிஃபென்டர்கள் ட்ரின்சிச்சோ கோயெஃப்போ, ஒருத்தர்தான் வர முடியும். இன்னொரு வெளிநாட்டு ஃபார்வர்டு பெப்ராவை இறக்கினால் மூன்றில் ஒருத்தர் வெளியே. பார்ப்பதற்கு அழகான அட்டாக், பதினைந்து நிமிடத்தில் ஆட்டத்தைத் திருப்பிவிடும். ஆனால் பந்து கைமாறுகிற அந்த ஐந்து நொடியில் திரும்பி ஓட ஆளில்லை. அதனால் டிஃபென்டர்கள் கடைசி நொடியில் காலை நீட்டுகிறார்கள், சட்டையை இழுக்கிறார்கள். பஞ்சாப், முகமதன், ஐதராபாத் என்று வரிசையாகப் பெனால்டி கோல். ஒடிசாவில் 2-0 என்று முன்னிலை, அரைமணி நேரம் தாண்டியதும் 2-2. அதில் ஒன்று செல்ஃப் கோல். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் ரெஃபரியின் தப்பு, கோலியின் தப்பு, கெட்ட நேரம் என்று சொல்லலாம். எட்டு ஆட்டத்தில் அதே மாதிரி நடந்தால் அதற்கு ராசியைக் குறை சொல்ல முடியாது. 2023-24இல் பிளாஸ்டர்ஸுக்கு 13 கோலடித்து, அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்கிய டயமன்டகோஸ் போனதை ஈடுகட்டுவதில்தான் எல்லார் கண்ணும் இருந்தது. கோல் அடிப்பது அந்த டீமுக்குப் பிரச்சினையாகவே இல்லை.

இதைப் பார்த்துக் கண்டுபிடிக்க லேப்டாப் எல்லாம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் டீம் வாங்குகிற ஒவ்வொரு கோலுக்கும் நாலு விஷயம் எழுதுங்க: எத்தனையாவது நிமிடம், பந்தை எந்த இடத்தில் இழந்தோம், எந்தப் பக்கமாக வந்தது, அப்போது களத்தில் இருந்த நாலு வெளிநாட்டவர் யார். ஆறேழு கோல் சேர்ந்ததும் வரிசையாகப் படியுங்க. எல்லாம் வேறு வேறு மாதிரி இருந்தால் பொறுமையாக இருங்க, பழகினால் சரியாகும். பாதிக்குமேல் ஒரே மாதிரி இருந்தால், உதாரணமாக எல்லாமே இடது விங்க் பேக் ஏறிப்போன இடத்தின் வழியாக வந்திருந்தால், அது கட்டமைப்புக் கோளாறு. இன்னொரு டீமின் அனலிஸ்டும் அதையே எழுதி வைத்திருப்பான், அடுத்த ஆட்டத்தில் அங்கேதான் அடிப்பான்.

டிவியில் பார்த்தால் இந்தக் கணக்கு பாதிதான் வரும், கேமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடும். கொச்சி கலூர் ஸ்டேடியத்துக்கு நேரில் போனால் கேலரியில் மேலே உட்காருங்க, கோலுக்குப் பின்னால் வேண்டாம். ஒரு பாதியில் பத்து நிமிடம் பந்தையே பார்க்காதீங்க. உங்கள் டீம் அட்டாக் செய்யும்போது பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்களுக்கும் மிட்ஃபீல்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று மட்டும் பாருங்க. அளக்க ஒரு வழி இருக்கிறது. கோல் லைனில் இருந்து பெனால்டி பாக்ஸின் முன்கோடு வரை 16.5 மீட்டர். புல்வெளியில் வெட்டிய பட்டைகள் தெரிகிற மைதானத்தில் அது எத்தனை பட்டை என்று முதலிலேயே எண்ணி வைத்துக்கொள்ளுங்க. டிஃபென்ஸ் லைனுக்கும் மிட்ஃபீல்டுக்கும் இடையே அந்த பாக்ஸ் அளவைவிடக் கம்மியாக இருந்தால் நல்ல டீம். அறுபதாவது நிமிடத்துக்குமேல் அந்த இடைவெளி பாக்ஸைவிடப் பெரிதாக விரிந்தால் பந்து அங்கே விழும், எதிராளி திரும்பி நின்று ஆடுவான். ஸ்கோர் 2-0 என்றாலும் அந்த டீம் சரியில்லை.

நிமிடக் கணக்கையும் விட்டுவிடாதீங்க. நம்ம ஊர்ச் சூட்டுக்கும் கொச்சிக் கடற்கரை ஈரத்துக்கும் ராத்திரி ஏழரை மணி ஆட்டமென்றாலும் அறுபதிலிருந்து எழுபத்தைந்து நிமிடத்துக்குள் கால் கனத்துவிடும். அங்கேதான் பெஞ்சின் தரம் தெரியும். ஐந்து ஆட்களை மாற்றலாம் என்று விதி இருக்கிறது, இறக்க ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி. 2024-25இல் மோகன் பகானுக்கு பெஞ்சிலிருந்து பெத்ராதோஸோ கம்மிங்ஸோ மாதிரி வெளிநாட்டு ஃபார்வர்டு எழுந்து வருவார். மற்ற கிளப்புகளில் களத்தில் இருப்பவரைவிடத் தரம் குறைந்த ஆள் வருவார்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். லிவர்பூல் 2025-26இல் முதல் ஐந்து ஆட்டத்தையும் ஜெயித்தது. போர்ன்மவுத்தோடு 2-0 முன்னிலை 2-2 ஆகி கடைசியில் 4-2. நியூகாசிலோடும் 2-0 முன்னிலை 2-2 ஆகி, இஞ்சுரி டைமில் 3-2. பர்ன்லியோடு இஞ்சுரி டைம் பெனால்டியில் 1-0. டேபிளில் பதினைந்து பாயிண்ட். நோட்டில் எழுதியிருந்தால் இரண்டு முன்னிலையைப் பறிகொடுத்த டீம். அடுத்து கிரிஸ்டல் பேலஸ், செல்சீ, மான்செஸ்டர் யுனைடெட், பிரென்ட்ஃபோர்டு என்று நாலு தோல்வி வரிசையாக. முதல் மூன்றும் 2-1, மூன்றிலும் எண்பது நிமிடம் தாண்டித்தான் எதிராளியின் வெற்றி கோல்.

பெங்களூரு எஃப்சி இதில் ஒரு நடுவாந்திரக் கேஸ். 2024-25இல் முதல் ஐந்து ஆட்டத்தில் ஒரு கோலும் வாங்கவில்லை. மூன்றாவதில் மோகன் பகானை 3-0. ஆனால் முதல் மூன்று ஆட்டமும் ஸ்ரீ கண்டீரவாவில், சொந்த மண்ணில். பிறகு கோவாவுக்குப் போனதும் 0-3. கடைசியில் மூன்றாவது இடமும் கப் ஃபைனலும் கிடைத்தது, நல்ல சீசன்தான். அக்டோபரில் சொன்ன "தோற்கடிக்க முடியாத டீம்" இல்லை.

சென்னையினைப் பற்றிச் சொன்னால் கோயமுத்தூர் நண்பர்களுக்குக் கோபம் வரும். பரவாயில்லை. அதே சீசனில் முதல் ஆறு ஆட்டத்தில் மூன்று வெற்றி, மூன்றும் வெளியூரில்: புவனேஸ்வரில் 3-2, குவாஹாத்தியில் 3-2, ஜாம்ஷெட்பூரில் 5-1. சொந்த மைதானத்தில், லீக்குக்கே புதிதாக வந்த முகமதனிடம் 0-1. இதை எல்லாரும் "வெளியூரில் சிங்கம்" என்று கொண்டாடினார்கள். எனக்கு அது அபாய மணி. வெளியூரில் எதிராளி முன்னேறி வருவான், கானர் ஷீல்ட்ஸ், ஃபாரூக் மாதிரி ஆட்களுக்கு ஓட இடம் கிடைக்கும். சொந்த ஊரில் எதிராளி பத்துப் பேரோடு பின்னால் உட்கார்ந்தால் அந்த இடம் இல்லை, பந்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பொறுமையாகத் திறக்க வேண்டும். அந்தத் திறமை அந்த டீமிடம் இல்லை. மற்ற கோச்சுகள் இதைக் கண்டுபிடிக்க ஆறு ஆட்டம் போதும். சீசன் முடிவில் பதினோராவது இடம். கொச்சியிலும் சென்னையிலும் பிளாஸ்டர்ஸிடமே இரண்டு முறை தோல்வி. (மஞ்சள் சட்டைக்காரர்கள் இந்த ஒரு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பீர்கள், தெரியும்.)

தொடக்கத்திலேயே முழுசாக நம்பக்கூடிய பலம் ஒன்று உண்டு: செட் பீஸ், அதாவது கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நின்ற பந்தில் ஆடுவது. கார்னரில் யார் கோலியை மறைப்பது, யார் பின் போஸ்டுக்கு ஓடுவது என்பதெல்லாம் ப்ரீ சீசனில் மனப்பாடம் செய்தது. அது ஃபார்மைப் பொறுத்து வராது, பயிற்சியைப் பொறுத்து வரும். அதனால் கோல் கணக்கில் இரண்டு திருத்தம் செய்யுங்க. பெனால்டி கோலைக் கழித்துவிடுங்க. பெனால்டியில் நாலில் மூன்று சராசரியாக உள்ளே போகும், அதற்கு அட்டாக் திறமை வேண்டியதில்லை. கார்னர், ஃப்ரீ கிக் கோலைத் தனியாக எழுதுங்க. மிச்சமிருப்பதுதான் ஓப்பன் பிளே பலம், ஓடுகிற ஆட்டத்தில் கோலடிக்கிற பலம். பல "பயங்கர அட்டாக்" டீம்கள் இந்த இடத்தில் சுருங்கிவிடும்.

நம்ம பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், கண் பழகிப்போனது செவன்ஸில். அறுவடை முடிந்த வயலிலும் மண் மைதானத்திலும் ஏழு பேர் ஆட்டம் பார்த்து வளர்ந்த கண் அது. ஆஃப்சைடு கிடையாது, களம் சிறியது, ஒருத்தன் இரண்டு பேரை வெட்டினால் கோல். அதனால் நம்மாளுங்க லெவன்ஸிலும் வெட்டுகிறவனைத்தான் "நல்ல ப்ளேயர்" என்கிறார்கள். எட்டாம் நம்பர் ஆள், நடு மிட்ஃபீல்டர், சும்மா நடந்துபோய் பாஸ் வழியை மறித்து நிற்பது யார் கண்ணிலும் படாது. செவன்ஸைக் குறை சொல்லவில்லை, அது வேறு விளையாட்டு. அந்தக் கண்ணோடு நோவாவுக்கு மார்க் போடலாம், டீமுக்குப் போட முடியாது.

சூப்பர் லீக் கேரளாவுக்கு இந்தப் பொறுமை எல்லாம் செல்லாது. ஆறு டீம், ஆளுக்குப் பத்து ஆட்டம், நாலு டீம் செமிக்கு. மூன்று ஆட்டம் போனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு லீக் போச்சு. அங்கே பழக நேரமில்லை. முதல் வாரத்திலேயே ஸ்டாப்பர் ஜோடியும் கோலியும் முடிவாகியிருக்கிற டீம் பக்கம் சாயுங்க.

2024-25 ஐ.எஸ்.எல். மாதிரி நீளமான லீக்கில் கட்டமைப்பு ஓட்டையை அடைக்கக் கிளப்புக்கு ஒரு வாய்ப்பு, புது ஆட்களை வாங்க அனுமதிக்கிற ஜனவரி விண்டோ. பிளாஸ்டர்ஸ் 2025 ஜனவரியில் லகாட்டோரைக் கொண்டுவந்தது, டிஃபென்ஸுக்கு முன்னாலும் உள்ளேயும் ஆடக்கூடியவர். சரியான இடத்துக்கு வந்த ஆள், ஆனால் அதற்குள் சீசன் பாதி போயிருந்தது. அதனால் ஐந்து ஆட்டம் முடிந்ததும் கமென்டில் பாயிண்ட் எழுதாதீங்க. வாங்கிய கோல்களில் எத்தனை ஒரே மாதிரி, நாலு வெளிநாட்டவர் எங்கே நிற்கிறார்கள், இந்த இரண்டை மட்டும் எழுதுங்க. மிச்சத்தை அங்கேயே பேசலாம்.