ஷெரிஃப் வேட்பாளரிடம் சிறையைப் பற்றிக் கேளுங்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வேக் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் போல) 2026இல் மறுபடியும் ஷெரிஃப் தேர்தல். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் காவல் தலைவர்தான் ஷெரிஃப். எந்தக் கட்சி வேட்பாளரின் துண்டுப்பிரசுரத்தை எடுத்தாலும் ஒரே பல்லவிதான்: குற்றங்களைக் குறைப்பேன், குடும்பங்களைப் பாதுகாப்பேன், மக்களோடு சேர்ந்து பணியாற்றுவேன். குற்றத்தைக் கூட்டுவேன் என்று யாராவது ஓட்டுக் கேட்பார்களா? இதை வைத்து எப்படி ஒருவரைத் தேர்ந்தெடுப்பது?

இந்தக் கவுண்டியின் கேரி, மோரிஸ்வில் ஊர்களில் குடியிருக்கும் நம்மவர்களின் தெருவில் ரோந்து வருவது ஊர்ப் போலீஸ். வீட்டில் திருட்டுப் போனால் வந்து நிற்பதும் அவர்களே. ஷெரிஃபின் ஆட்கள் ரோந்து போவது பெரும்பாலும் நகர எல்லைகளுக்கு வெளியே. அது போக, நீதிமன்றக் காவல், வழக்கில் தோற்ற வாடகைதாரரை வீட்டிலிருந்து வெளியேற்றுவது, கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தருவது எல்லாம் அவர் பொறுப்பு. இவை அனைத்தையும் விடப் பெரியது சிறை. ராலேயில் ஹேமண்ட் சாலையில் இருக்கிறது.

கவுண்டிச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர்; வழக்கு முடியவில்லை, ஜாமீனுக்குப் பணமில்லை, காத்திருக்கிறார்கள். சர்க்கரை நோயாளி ஒருவரை நள்ளிரவில் கொண்டுவந்து அடைக்கிறார்கள் என்றால் அவருக்கு இன்சுலின் எத்தனை மணிக்குக் கிடைக்கும்? குடியை ஒரேயடியாக நிறுத்த நேர்ந்தவருக்கு ஒரு நாளுக்குள்ளேயே கை நடுங்கத் தொடங்கலாம். அதைக் கவனித்து நர்ஸைக் கூப்பிட அந்தத் தளத்தில் காவலர் இருக்கிறாரா? ஒவ்வொருவரையும் மணிக்கு இரண்டு முறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது மாநில விதி. ஆள் பற்றாக்குறை இருந்தால் முதலில் அடிபடுவது இந்தச் சுற்றுதான். காலியிடம் எத்தனை, எப்படி நிரப்புவீர்கள் என்று வேட்பாளரைக் கேளுங்கள். அதற்கு நேரான பதில் சொல்பவருக்கு என் ஓட்டு, எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

நம் கூட்டங்களில் அதிகம் பேசப்படுவது குடியேற்ற விவகாரம். 2018இல் ஜெரால்ட் பேக்கர், 16 ஆண்டுகள் பதவியிலிருந்த டானி ஹாரிசனைத் தோற்கடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். சிறைக்கு வருபவர்களின் குடியேற்ற நிலையைச் சரிபார்க்க, கூட்டாட்சிக் குடியேற்றத் துறையோடு இருந்த 287(ஜி) ஒப்பந்தத்தைப் பேக்கர் பதவியேற்றதும் முடித்துவைத்தார். ஆனால் 2024இல் மாநிலச் சட்டமன்றம் ஆளுநரின் மறுப்பாணையை மீறி ஒரு சட்டம் கொண்டுவந்து, கூட்டாட்சிக் குடியேற்றத் துறையின் கோரிக்கைகளுக்கு ஷெரிஃப்கள் ஒத்துழைத்தே ஆக வேண்டும் என்றாக்கிவிட்டது. இனி இந்த விஷயத்தில் பெரிய வாக்குறுதி தருபவர்களைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அவர்கள் கையில் மிச்சமிருக்கும் அதிகாரம் குறைவு.

மற்றபடி ஷெரிஃப் கையில் இருக்கும் அதிகாரம் சாதாரணமானதல்ல. பட்ஜெட் ஒதுக்குவது கவுண்டி கமிஷனர்கள். ஆனால் அவர்களால் ஷெரிஃபைப் பதவி நீக்க முடியாது. ஆட்களைச் சேர்ப்பதும் விலக்குவதும் ஷெரிஃப் இஷ்டம். இதே மாநிலத்தின் கொலம்பஸ் கவுண்டி ஷெரிஃப், கறுப்பின ஊழியர்களைப் பற்றி இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு 2022இல் வெளியானதும் அக்டோபரில் ராஜினாமா செய்தார். நவம்பரில் அதே மக்கள் அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்! ஜனவரியில் மறுபடியும் ராஜினாமா. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் இடையில் அந்தக் கவுண்டியில் பணியாற்றிய கறுப்பினக் காவலர்களை நினைத்தால் வராது.

நம் கவுண்டியில் 2022 தேர்தலின் முக்கியமான கட்டம் நவம்பரில் நடக்கவில்லை. ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலின் மறுசுற்றில் பேக்கரை வில்லி ரோ வென்றார்; பிறகு நவம்பரில் ஹாரிசனையும் வென்று ஷெரிஃப் ஆனார். அந்த மறுசுற்று நடந்தது ஜூலை 26. பள்ளி விடுமுறை. நம்மில் பாதிப் பேர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்திருப்போம்.