இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு மூணு மாசம் படுக்கையா?

அண்ணே, "அறுபது தாண்டி இடுப்பெலும்பு ஒடிஞ்சா மூணு மாசம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, போன தெம்பு திரும்ப வராது"ன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுமே தப்பு. ஆபரேஷன் முடிஞ்சா, டாக்டர் தடை சொல்லலைன்னா, பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நிறுத்துவாங்க. படுத்தே கிடந்தா தசை கரையும், படுக்கைப்புண் வரும், கால் நரம்புல ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும்.

தெம்பும் திரும்பும். 1990-ல் பாஸ்டனில் 90 வயதை ஒட்டின 10 பேருக்கு 8 வாரம் எடை வச்சுக் கால் பயிற்சி கொடுத்தாங்க. முடிச்சவங்களுக்குக் கால் பலம் சராசரியா ரெண்டு மடங்குக்கும் மேல கூடிச்சு.

எங்க அம்மாவுக்கு 71, இதே ஆபரேஷன் ஆனவங்க. வலியை விட பயம்தான் பெருசு. வாக்கரைப் பிடிச்ச விரல் வெளுத்துப் போகும், "திரும்ப விழுந்தா?"ன்னு கேட்டுட்டு உக்காந்துருவாங்க. உடற்பயிற்சின்னு சொன்னா காதிலயே வாங்கல. ஆவணி ஞாயிறுக்கு நாகராஜா கோயில் போகணும்னு அவங்களே சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. முதல்ல நாற்காலியில இருந்து 5 தடவை எழும்பி உக்காருறது. பிறகு வாசப்படி. பிறகு முக்குக்கடை வரை, நான் பக்கத்துல. மூணாவது ஞாயிறு ஊன்றுகோலோட போய் நாகருக்குப் பால் ஊத்திட்டு வந்தாங்க.

உங்க வீட்டுல யாராவது படுத்திருந்தா, இன்னைக்கே பிசியோதெரபிஸ்டைக் கூப்பிடுங்க அண்ணே.