அந்த "காக" வேண்டாமே

"பறவைகள் பறப்பதற்காக அவற்றின் எலும்புகள் உள்ளீடற்று இருக்கின்றன." பள்ளியில் நான் மனப்பாடம் பண்ணி மதிப்பெண் வாங்கிய வரி. போன வாரம் அண்ணன் மகள் தேர்வுக்கு அதையே சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "பறப்பதற்காக" என்ற சொல்லின் வாலில் ஒரு "காக" இருக்கிறதே, அது என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது.

"காக" என்று சொன்னதுமே, பின்னால் பறக்கப்போகிற பிராணிக்கு யாரோ முன்கூட்டியே எலும்பைக் குடைந்து வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. நடந்தது அப்படியில்லை. பறவைகள் டைனோசர் வழியில் வந்தவை. டைரனோசரஸ் ரெக்ஸ் என்ற டைனோசரின் முதுகெலும்பிலேயே காற்றறைகள் உண்டு. பல டன் எடையோடு நடமாடிய நீள்கழுத்து டைனோசர்களுக்கும் உண்டு. அவை ஒருநாளும் பறந்ததில்லை. போதாததற்கு, ஏறக்குறைய ஒரே எடையுள்ள பறவையையும் பாலூட்டியையும் எடுத்துக்கொண்டால் இரண்டின் எலும்புக்கூடும் கிட்டத்தட்ட ஒரே எடைதான் வரும். பறவை எலும்பின் சுவர் மெல்லியது, ஆனால் அந்த எலும்பே அடர்த்தி கூடியது.

நுரையீரல் கதை இதைவிட அருமை. நமக்குக் காற்று வந்த வழியாகவே திரும்பிப் போகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் புதுக்காற்று, உள்ளே தங்கிய பழைய காற்றோடு கலந்துவிடுகிறது. பறவைக்கு ஒருவழிப் பாதை. இழுத்த காற்றில் பெரும்பகுதி முதலில் பின்பக்கக் காற்றுப்பைகளுக்குப் போகும். மூச்சு விடும்போது அது நுரையீரலுக்குள் நுழையும். அடுத்த மூச்சை இழுக்கும்போது முன்பக்கப் பைகளுக்கு நகரும், அதற்கடுத்து விடும்போதுதான் வெளியேறும். ஒரு வாய்க் காற்று உள்ளே போய் வெளியே வர இரண்டு மூச்சு. இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலுக்குள் ஓட்டம் ஒரே திசையில்தான். வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டுவதற்கு இது பெரிய துணை. 7,000 மீட்டருக்கும் மேலே அவை பறந்தது கருவிகளில் பதிவாகியிருக்கிறது.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு பறப்பதற்காகத்தான் வந்திருக்க வேண்டும் என்றுதான் ரொம்ப காலம் எல்லோரும் நம்பினோம். 2010-இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் காலீன் ஃபார்மர், கென்ட் சாண்டர்ஸ் இருவரும் அமெரிக்க முதலையின் (அலிகேட்டர்) நுரையீரலிலும் காற்று ஒரே திசையில் ஓடுவதைக் காட்டினார்கள். தண்ணீருக்குள் அசையாமல் கிடக்கிற முதலை! சில ஆண்டுகளில் உடும்பு இனம் ஒன்றிலும் இதே ஓட்டம் தெரியவந்தது. இந்தச் செய்தியை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இவற்றுக்கெல்லாம் பொதுவான மூதாதையிடமே இந்த ஏற்பாடு இருந்திருக்கலாம். அப்படியென்றால் வாத்து இமயமலையைத் தாண்டுவது, பறவை என்ற ஒன்றே தோன்றாத காலத்துச் சொத்தை வைத்துக்கொண்டுதானா!

இறகும் அப்படித்தான். 1996-இல் சீனாவின் லியாவ்னிங் பகுதியில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ், பறக்காத சின்ன டைனோசர். அதன் உடம்பெல்லாம் இழை இழையாகப் பூவிறகு. 2010-இல் அந்த இழைகளில் மிஞ்சியிருந்த நிறமித் துகள்களை ஆராய்ந்து, வாலில் செம்மையும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்திருக்கும் என்று சொன்னார்கள். குளிர் தாங்கவும் பிறர் கண்ணில் படவும் இறகு உதவியிருக்கும். பறப்பது பிறகு வந்தது.

கல்லூரி ஆய்வகத்தில் புறாவை அறுத்துப் பார்த்தது இன்னும் கையில் நிற்கிறது. மார்பில் மேலே இருக்கும் பெரிய தசை இறக்கையைக் கீழே அடிக்க. அதை ஒதுக்கினால் அடியில் இன்னொரு தசை, மெலிந்தது. அதன் தசைநாண் தோளில் மூன்று எலும்புகள் கூடும் இடத்துத் துளை வழியாக நுழைந்து, மேலே ஏறி, கையெலும்பின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்கிறது. இடுக்கியால் அந்தத் தசையை மெல்ல இழுத்தேன். உயிரில்லாத புறாவின் இறக்கை மேசையிலிருந்து எழுந்தது. கிணற்றுக் கப்பி மாதிரிதான், கயிற்றைக் கீழே இழுத்தால் வாளி மேலே வரும். முதலைக்கும் இதே தசை இருக்கிறது, கப்பிதான் கிடையாது. அங்கே அது முன்காலை முன்னே கொண்டுபோக உதவுகிறது. இதைக் கையால் இழுத்துப் பார்க்கிற பிள்ளைக்குப் பரிணாமம் என்றால் என்னவென்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பறத்தலின் இயற்பியலுக்குள்ளும் இந்தக் "காக" புகுந்திருக்கிறது. இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் பாதை நீளமாம், கீழே போகிற காற்றை மறுமுனையில் ஒரே நேரத்தில் சந்திப்பதற்காக மேல்காற்று வேகமாக ஓடுகிறதாம். எத்தனை புத்தகங்களில் இப்படி எழுதிவைத்திருக்கிறார்கள்! பிரிந்த காற்று மறுபடி சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டுப் பார்த்தால் மேல்பக்கக் காற்று முந்திக்கொண்டு போய்விடுவது தெரியும். மேல்காற்று வேகமாகப் போவதும் அங்கே அழுத்தம் குறைவதும் நிஜம், சொல்லப்படும் காரணம்தான் தப்பு. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. காகித விமானத்தின் தட்டையான இறக்கை பறப்பதும் இப்படித்தான்.

பாடம் எழுதுகிறவர்களை நான் கேட்பது ஒன்றுதான். "பறப்பதற்காக வந்தது" என்று எழுதாதீர்கள். "முன்பே இருந்தது, பறக்கவும் உதவியது" என்று எழுதுங்கள். இரண்டு சொல் கூடும், அவ்வளவுதானே.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொன்னபோது அவள் விடவில்லை. "சித்தப்பா, இறகு வேற எதுக்கோ வந்துச்சு, சரி. ஆனா பறக்க முடியாத அரை இறக்கையால என்ன பிரயோஜனம்?" டார்வினிடமே அவர் காலத்து உயிரியலாளர் மிவார்ட் எழுப்பிய கேள்வி இது. மொன்டானா பல்கலைக்கழகத்தின் கென் டயல் 2003-இல் வெளியிட்ட ஆய்வை அவளுக்குச் சொன்னேன். சுக்கார் கௌதாரிக் குஞ்சுகள், பறக்கத் தெரியாத வயதில், செங்குத்தான சரிவில் இறக்கையை அடித்துக்கொண்டே ஓடி ஏறுகின்றன. அந்த அடி உடம்பைச் சரிவோடு அழுத்துவதால் கால் வழுக்காமல் பிடிக்கிறது. டைனோசரும் இப்படித்தான் ஏறியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, பறத்தல் தொடங்கியது மரத்திலிருந்தா தரையிலிருந்தா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அரை இறக்கைக்கும் வேலை உண்டு என்பது கண்முன்னே தெரிகிறது.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ இறகை வெட்டிவிட்டா அது ஏறாதா?"

டயலும் அதைத்தான் செய்து பார்த்தார். இறகு குறைக்கப்பட்ட குஞ்சுகளால் அவ்வளவு செங்குத்தில் ஏற முடியவில்லை.