மொத்தம் என்ற செல்லுக்குள் என்ன இருக்கிறது?

கணினி நிரல் (கோடு) எழுதித் தரும் ஏஐ உதவியாளர்களிடம் எக்செல் வேலையையும் ஒப்படைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. கிளாட் கோட், கோடெக்ஸ், கோபைலட் என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். நானும் வைத்திருக்கிறேன், விடுகிற எண்ணமும் இல்லை. ஆனால் அது செய்து தரும் ஃபைலைத் திறந்ததும் முதல் வேலையாக, மொத்தம் என்று போட்டிருக்கும் செல்லைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பாரில் என்ன தெரிகிறது என்று பார்ப்பேன். சமக்குறி இருந்தால், அதாவது ஃபார்முலா என்றால், மேற்கொண்டு பேசலாம். வெறும் எண் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், அந்த எண் சரியாகவே இருந்தாலும்.

காரணம் இதுதான். இந்த உதவியாளர்கள் நம்மைப்போல எக்செல்லைத் திறந்துவைத்து செல் செல்லாகத் தட்டுவது குறைவு. பெரும்பாலும் பைதான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதி, அதை ஓடவிட்டு ஃபைலை உருவாக்குகின்றன. தரவு ஏற்கெனவே பைதானுக்குள் இருக்கிறது. கூட்டலும் சராசரியும் அங்கேயே ஒரு வரியில் முடிந்துவிடும். அப்புறம் விடையை மட்டும் செல்லில் எழுதிவைத்தால் போதுமே! ஃபார்முலாவாக வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் இந்தக் குறுக்குவழியில் போக நிறையவே வாய்ப்பு. பார்வைக்கு இரண்டு ஃபைலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தலைப்பு வரிசையில் நிறம்கூட அழகாக அடித்திருக்கும். அடுத்த முறை ஒரு விலையை மாற்றும்போதுதான் கீழே மொத்தம் அசையவே இல்லை என்பது தெரியும்.

ஹார்வர்டில் வணிக மேலாண்மை படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லினுக்கு, எக்செல்லின் முன்னோடியான விசிகால்க் மென்பொருளின் யோசனை வந்ததே இந்த எரிச்சலில்தான். கரும்பலகையில் போட்ட கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதவேண்டியிருந்தது. பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்காக அவர் கொண்டுவந்த மென்பொருள் அந்த வேலையைத்தான் ஒழித்தது. இத்தனை வருடம் கழித்து, வெறும் எண்களை அடுக்கிய ஷீட்டை ஏஐ கொடுத்து நாம் மகிழ்ந்து வாங்கிக்கொள்வது கரும்பலகைக்கே திரும்புவதுதான்.

சரி, ஃபார்முலா போடச் சொல்லிவிட்டோம், போட்டும்விட்டது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பைதானில் எக்செல் ஃபைலை எழுத அதிகம் பயன்படும் ஓபன்பைஎக்ஸ்எல் என்ற நூலகத்துக்கு (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) கணக்குப் போடத் தெரியாது. ஃபார்முலாவை எழுத்துக்களாக எழுதிவைக்கும், அவ்வளவுதான். விடை வருவது நாம் எக்செல்லில் திறக்கும்போதுதான். ஆகவே "எல்லா மொத்தங்களையும் சரிபார்த்துவிட்டேன்" என்று உதவியாளர் சொன்னால், எப்படிச் சரிபார்த்தாய் என்று கேட்பது நம் உரிமை. எக்செல் ஃபைலைத் திறந்து கணக்கிடத் தெரிந்த லிப்ரேஆபீஸ் என்ற மென்பொருளைப் பின்னணியில் ஓட்டி, மறுகணக்கிட்டு, வந்த விடையைப் படித்தேன் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். பைதானில் தனியாகக் கூட்டிப் பார்த்தேன் என்றால், அது பார்த்தது வேறொரு கணக்கு. ஷீட்டில் இருக்கும் ஃபார்முலாவை அது இன்னும் பார்க்கவில்லை.

இதெல்லாம் புது ஷீட் செய்வதில் இருக்கும் தொல்லை. பழைய ஷீட்டைத் திருத்தக் கொடுப்பதில்தான் எனக்கு உண்மையான பயம். பல வருடமாகப் பல பேர் கை பட்ட ஃபைல் ஒன்று இருக்கும். "பத்தாவது வரிசைக்கு மேலே இரண்டு வரிசை சேர்" என்கிறோம். இதையே எக்செல்லில் நாம் கையால் செய்தால், கீழே இறங்கிய செல்களைக் குறிப்பிடும் எல்லா ஃபார்முலாக்களையும் அது தானாகத் திருத்திக்கொள்ளும். ஓபன்பைஎக்ஸ்எல் வழியாக வரிசையைச் சேர்த்தால் அப்படி நடக்காது. செல்கள் கீழே இறங்கும், ஃபார்முலாவில் இருக்கும் முகவரிகள் பழையபடியே நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஓர் எண் வரும், வேறொரு வரிசையின் எண்.

இன்னொன்று இதைவிட மோசம். அந்த நூலகத்தில் ஃபைலை "மதிப்புகள் மட்டும்" என்று திறக்க ஒரு வழி இருக்கிறது. படிப்பதற்கு வசதி. அப்படித் திறந்ததையே அதே பெயரில் சேமித்தால் ஃபைலில் இருந்த ஃபார்முலா அத்தனையும் போய்விடும், கடைசியாகக் கணக்கிட்ட எண்கள் மட்டும் மிஞ்சும். ஷீட்டில் வரைந்துவைத்த அம்புக்குறி, பெட்டி போன்றவையும், எப்படித் திறந்தாலும், இந்த நூலகம் வழியாகச் சேமித்தால் காணாமல் போகும். அதனால் மூல ஃபைலை நான் கொடுப்பதே இல்லை, நகல்தான். திருத்தி முடித்ததும் பழையதையும் புதியதையும் செல் செல்லாக ஒப்பிட்டு, எந்தெந்த செல்லில் ஃபார்முலா மாறியது என்று தனி டேப்பில் பட்டியல் போடு என்பேன். இந்த ஒப்பிடும் வேலையை, சும்மா சொல்லக்கூடாது, மனிதரைவிட அது நன்றாகச் செய்கிறது. யாரோ எழுதிவைத்துப் போன, இஃப்புக்குள் இஃப்பாகப் பின்னிக் கிடக்கும் ஃபார்முலாவை வாக்கியமாக விளக்குவதிலும் கெட்டி. (பிழை வந்தால் அதற்குப் பதில் வேறொன்றைக் காட்டும் இஃப்எர்ரரை எதற்கெடுத்தாலும் போட்டுப் பிழையை மூடிவைக்கிற பழக்கத்தை மட்டும் விட்டால் நல்லது.)

"இனி ஃபார்முலாவே எதற்கு? சந்தேகம் வந்தால் ஏஐயிடமே கேட்டுக்கொள்ளலாமே" என்கிறார்கள் சில நண்பர்கள். எனக்கு உடன்பாடில்லை. 2010-ல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். சிக்கன நடவடிக்கைக்கு ஆதரவாகப் பல நாட்டு அரசியல்வாதிகள் அதைக் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அந்த எண்களை மறுபடி கொண்டுவர முயன்றார், வரவில்லை. கட்டுரையை எழுதியவர்களிடமே ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலாவின் எல்லைக்குள் 5 நாடுகள் வராமல் விடுபட்டிருந்தன. முடிவை மாற்றியது அது ஒன்று மட்டும் அல்ல. விட்டுப்போன வேறு தரவுகளையும், சராசரியை எடுத்த முறையையும் அவரும் அவருடைய பேராசிரியர்களும் 2013-ல் கேள்வி கேட்டார்கள். ஆனால் அந்த விடுபட்ட வரிசைகள் கண்ணில் பட்டது செல்லுக்குள் ஃபார்முலா இருந்ததால்தான். சராசரியை வெறும் எண்ணாக ஒட்டிவைத்திருந்தால் ஹெர்ண்டன் எதைக் கிளிக் செய்திருப்பார்?

ஆகவே என் கட்டளை இப்போதெல்லாம் கொஞ்சம் நீளம். உள்ளீடுகள் ஒரு டேப்பில், கணக்கு இன்னொன்றில். கணக்கு டேப்பில் கையால் போட்ட எண் ஒன்றுகூடக் கூடாது, சதவீதம் உட்பட. பூஜ்ஜியத்தில் தொடங்கும் அடையாள எண்களை எழுத்தாகவே வை. வந்த பிறகு ஓர் உள்ளீட்டை இரட்டிப்பாக்கிப் பார்ப்பேன். எது அசைகிறது, எது அசையவில்லை என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மேக்ரோ (எக்செல் ஃபைலுக்குள்ளேயே இருக்கும் சின்ன நிரல்) உள்ள ஃபைல்களை மட்டும் இன்னும் தொடவிடவில்லை. தனியாகச் சொல்லித் திறக்காவிட்டால் அந்த நூலகம் மேக்ரோவைக் காப்பாற்றாது என்பது தெரியும், சொல்லித் திறந்தால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்தான் தயக்கம். தைரியமாகக் கொடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.