கவுன்சிலருக்கு ஒரு கல்

இடம்: காரைக்குடி, சாலையோரக் கல்வெட்டுப் பட்டறை. அடிக்கல், கல்லறைக் கல், புதுவீட்டுப் பெயர்ப்பலகை மூன்றுக்கும் இங்கே ஒரே உளிதான். கருப்பையா கறுப்பு கிரானைட்டில் யாருடைய இனிஷியலையோ பொறித்துக்கொண்டிருக்கிறார். வெள்ளை வேட்டியும் சட்டைப்பையில் மூன்று பேனாவுமாக முன்னாள் கவுன்சிலர் வருகிறார். பதவி போய்ப் பல வருஷம் ஆகியும் ஊர் அவரைக் கவுன்சிலர் என்றே கூப்பிடுகிறது. பாதி மரியாதை, பாதி கிண்டல்.

கருப்பையா: வாங்க அண்ணே. ஏதாவது திறப்பு விழாவா?

கவுன்சிலர்: மூடுவிழா தம்பி. எனக்கு.

கருப்பையா: (உளியைக் கீழே வைத்து) உடம்புக்கு என்ன?

கவுன்சிலர்: உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. போன வாரம் மெட்ராஸ் போனவன் மெரினாவுக்கும் போனேன். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர், நாலு பேர் சமாதியையும் சுற்றிப் பார்த்தேன். இருக்கும்போதுதான் கூட்டம் என்றால், போன பிறகும் கூட்டம். சுண்டல் விற்கிறவன் வரைக்கும் பிழைக்கிறான். நமக்கும் ஊரில் ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. அளவெடு.

கருப்பையா: கல்லுக்கா, உங்களுக்கா?

கவுன்சிலர்: எல்லாம் கல்லுக்குத்தான்.

கருப்பையா: முதலில் ஒன்று சொல்லுங்க. உங்கள் வீட்டில் புதைப்பார்களா, எரிப்பார்களா?

கவுன்சிலர்: எரிப்போம். அப்பாவை எரித்து ராமேஸ்வரத்தில் கரைத்தோம்.

கருப்பையா: அப்போ கல்லைக் கடல் மேலா நிறுத்துவது?

கவுன்சிலர்: என்னைப் புதைக்கச் சொல்லி எழுதி வைக்கப் போகிறேன். பெரியாரைப் புதைக்கவில்லையா?

கருப்பையா: பெரியார் திடலில் புதைத்தார்கள். அவர் சாத்திரம், சடங்கு எதுவும் வேண்டாம் என்று ஆயுசு பூராவும் பேசியவர். நீங்கள் நேற்று ராகு காலம் முடியட்டும் என்று டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்.

கவுன்சிலர்: அது மழைக்கு ஒதுங்கியது.

கருப்பையா: மழை பெய்து மாசம் ரெண்டாச்சு. சரி, எரித்தாலும் நினைவிடம் உண்டு அண்ணே. காமராஜரை எரிக்கத்தான் செய்தார்கள். 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்றைக்குப் போனார். கிண்டியில் நினைவிடம் இருக்கிறதே.

கவுன்சிலர்: உனக்கு எப்படித் தேதியெல்லாம் தலைகீழாகத் தெரிகிறது?

கருப்பையா: தொழில் அப்படி. ராஜாஜி 1972 டிசம்பர் 25. பெரியார் 1973 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். 1987, அதே டிசம்பர் 24.

கவுன்சிலர்: பெரிய தலைகள் எல்லாம் டிசம்பரில்தான் போலிருக்கிறது. எனக்கும் டிசம்பர் என்றே பொறித்துவிடு.

கருப்பையா: அது நம் கையில் இல்லை. தோற்றம் மட்டும் பொறிக்கலாம், மறைவுக்கு இடம் விட்டு வைக்கலாம். பிறந்த தேதி சொல்லுங்க.

கவுன்சிலர்: எந்தத் தேதி? ஜாதகத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, வேட்புமனுவில் ஒன்று.

கருப்பையா: மூன்றையும் போட்டால் மூன்று பேரைச் சேர்த்துப் புதைத்த கணக்காகிவிடும். வருஷம் மட்டும் போடுகிறேன். இடம் எங்கே?

கவுன்சிலர்: கிராமத்தில் நம் தோப்பு இருக்கிறதே. சொந்த இடம், யாரைக் கேட்க வேண்டும்?

கருப்பையா: பஞ்சாயத்தைக் கேட்க வேண்டும். குடியிருப்புக்கும் குடிதண்ணீர் எடுக்கிற இடத்துக்கும் 90 மீட்டருக்குள் புதிதாகப் புதைக்கக் கூடாது என்று 1999-லேயே விதி போட்டிருக்கிறார்கள். உங்கள் தோப்பு எவ்வளவு அகலம்?

கவுன்சிலர்: இருக்கும், ஒரு அறுபது மீட்டர். நடுவில் குடிதண்ணீர்க் கிணறு.

கருப்பையா: போச்சு.

கவுன்சிலர்: நமக்கு வேண்டிய அதிகாரிகள் இருக்கிறார்கள் தம்பி.

கருப்பையா: கலைஞர் ஐந்து தடவை முதலமைச்சர். 2018-ல் அவருக்கு மெரினாவில் இடம் கேட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஐகோர்ட் போனார்கள். காலையில் தீர்ப்பு, சாயந்தரம் அடக்கம். உங்களுக்காக ராத்திரி எந்த வக்கீல் எழுந்து வருவார்? பேசாமல் நம் வார்டு மயானத்துக்கே வந்துவிடுங்க.

கவுன்சிலர்: அங்கேயா? என்னை எதிர்த்து நின்றவனின் சித்தப்பா அங்கேதான் கிடக்கிறார்.

கருப்பையா: இந்தப் பக்கம் எல்லாக் கட்சியும் உண்டு. மேடையில் ஒருத்தர் வேட்டியை ஒருத்தர் உருவியவர்கள் இப்போது பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வேப்பமரம்தான். கூட்டணிப் பேச்சுவார்த்தையும் இல்லை, தொகுதிப் பங்கீடும் இல்லை.

கவுன்சிலர்: சரி, அது பிறகு. வாசகம் எழுது. “மாமன்ற உறுப்பினர், காரைக்குடி மாநகராட்சி...”

கருப்பையா: அண்ணே, காரைக்குடி மாநகராட்சி ஆனது 2024-ல். நீங்கள் இருந்தபோது நகராட்சி. 1928-லிருந்து நகராட்சி.

கவுன்சிலர்: ஊர் வளர்ந்தால் நானும் வளர வேண்டாமா?

கருப்பையா: கல்லில் பொய் பொறித்தால் உளி முனை மழுங்கும். “முன்னாள் நகர்மன்ற உறுப்பினர்.” அடுத்து?

கவுன்சிலர்: அண்ணா சமாதியில் “எதையும் தாங்கும் இதயம்” என்று இருக்கிறது. கலைஞர் பேழையில் “ஓய்வெடுக்காமல் உழைத்தவன் இதோ ஓய்வு கொண்டிருக்கிறான்” என்று எழுதினார்கள். அந்தத் தரத்தில் எனக்கு ஒன்று.

கருப்பையா: “உழைக்காமல் ஓய்வெடுத்தவர் இதோ...”

கவுன்சிலர்: தம்பி!

கருப்பையா: விடுங்க. நீங்களே சொல்லுங்க.

கவுன்சிலர்: “வார்டின் வள்ளல், மக்களின் மனசாட்சி, செட்டிநாட்டுச் சிங்கம்.”

கருப்பையா: எழுத்துக்கு இவ்வளவு என்று காசு. சிங்கம் வரைக்கும் போனால் செலவு தாங்காது. சா. கணேசனைப் பாருங்க, 1962-ல் இதே காரைக்குடிக்கு எம்.எல்.ஏ. 1939-லேயே கம்பன் கழகம் ஆரம்பித்தவர். ஊர் அவரை எம்.எல்.ஏ. என்றா சொல்கிறது? கம்பன் அடிப்பொடி. ஒன்பதே எழுத்து, அடக்கமான விலை.

கவுன்சிலர்: புள்ளி வைத்த எழுத்துக்கும் காசு உண்டா?

கருப்பையா: மெய்யெழுத்துக்குப் பாதி விலை போட்டுக்கொள்கிறேன். உங்கள் கல்லில் மெய் எப்படியும் குறைவாகத்தான் வரும்.

கவுன்சிலர்: (காதில் விழாதது போல) அப்புறம் கூட்டம் வர ஒரு விசேஷம் வேண்டும். எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்துக் கேட்கிறார்கள், கைக்கடிகாரம் ஓடுகிறதாம்.

கருப்பையா: உங்களோடு செல்போனைப் புதைத்தால் அதைவிடச் சத்தமாகக் கேட்கும். சீட்டுப் பணம் கேட்டு அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

கவுன்சிலர்: நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி மண்ணைப் பிள்ளைகள் நாக்கில் தடவுகிறார்கள், கவி பாட வரும் என்று. என் சமாதி மண்ணையும் தடவினால்?

கருப்பையா: பிள்ளை வாயைத் திறந்ததும் “அடுத்த மாசம் ரோடு போட்டுவிடுகிறேன்” என்று சொல்லும். எந்தத் தாய் தடவுவாள்?

கவுன்சிலர்: காளையார்கோவிலில் மருது சகோதரர்கள் சமாதிக்கு இன்றைக்கும் ஜனம் போகிறதே?

கருப்பையா: அவர்களை 1801-ல் வெள்ளைக்காரன் திருப்பத்தூரில் தூக்கில் போட்டான் அண்ணே. உங்களுக்கு டெபாசிட்தான் போனது.

(கவுன்சிலர் ஸ்டூலில் உட்கார்கிறார். கருப்பையா தண்ணீர்ச் செம்பை நீட்டுகிறார்.)

கருப்பையா: இன்னொரு விஷயம். நான் இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். மயானத்தில் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கல் இருக்கிறது.

கவுன்சிலர்: எனக்கா? யார் வைத்தது?

கருப்பையா: நீங்கள்தான். 2010-ல் கை கால் கழுவத் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறேன் என்று அடிக்கல் நாட்டினீர்களே. தொட்டி வரவில்லை. கல் மட்டும் நிற்கிறது. பெயரைப் பெரிதாகப் பொறிக்கச் சொன்னீர்கள், தொட்டியைக் கீழே சின்னதாகப் போடச் சொன்னீர்கள். அந்தக் கீழ்ப்பாதி மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது உங்கள் பெயரும் 2010-ம் மட்டும்தான் தெரிகிறது.

கவுன்சிலர்: அதனால் என்ன?

கருப்பையா: காரியத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் அதைச் சமாதி என்று நினைக்கிறார்கள். போன ஆடி அமாவாசைக்கு யாரோ விளக்கு வைத்து, ரெண்டு வாழைப்பழமும் படைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கவுன்சிலர்: (எழுந்து) டேய், 2022 தேர்தலில் எனக்குப் பதினேழு ஓட்டுதானே விழுந்தது!

கருப்பையா: செத்தவருக்குப் பதினேழு என்பது பெரிய செல்வாக்கு அண்ணே.

கவுன்சிலர்: (கொஞ்ச நேரம் யோசித்து) விளக்கு வைத்தார்களா?

கருப்பையா: நல்லெண்ணெய் விளக்கு.

கவுன்சிலர்: அப்போ புதுக் கல் வேண்டாம். அதையே துடைத்து, என் பெயருக்குத் தங்க கலர் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடு.

கருப்பையா: அடிக்கலாம். அந்தக் கல்லுக்கே நீங்கள் இன்னும் காசு தரவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கவுன்சிலர்: தருகிறேன். கல்லுக்கு முன்னால் ஒரு சின்ன உண்டியல் வைத்தால் என்ன? சாவி உன்னிடமே இருக்கட்டும்.