கழுதைப்பால் மஞ்சள் காமாலையை இறக்காது

“பச்சைக் குழந்தைக்கு ஒரு சங்கு கழுதைப்பால் புகட்டினால் காமாலை இறங்கிவிடும்” என்ற பேச்சு காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் சுற்றுகிறது. தவறு.

பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமி பெரும்பாலும் மலத்தோடுதான் வெளியேறும். அதற்கு நாளுக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் வேண்டும். வேறு பால் புகட்டினால் சின்ன வயிறு நிரம்பிவிடும். குழந்தை சப்புவது குறையும், தாய்க்குச் சுரப்பும் குறையும். காய்ச்சாத பாலில் கிருமித்தொற்று வேறு. 2, 3ஆம் நாள் தோன்றும் மஞ்சள் பெரும்பாலும் தானே வடியும். பேர் மட்டும் கழுதைப்பாலுக்குப் போகிறது.

பகல் வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்து, அந்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பாருங்கள். முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கால்வரை பரவினாலோ, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்கு நீல விளக்குச் சிகிச்சை தேவைப்படலாம். ஜன்னல் வெயில் போதாது.