கேப்டன் பாய்காட்

இந்தப் படத்தைப் பாய்காட் பண்ணு, அந்த சோப்பைப் பாய்காட் பண்ணு என்று வாரம் தவறாமல் ஹேஷ்டேக் வருகிறது. பாய்காட் என்பது ஒரு ஆளின் பெயர் என்பது அதைப் போடுபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் ஒரு இங்கிலாந்துக்காரர். அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் குத்தகை வசூலித்த ஏஜெண்ட். நம்மூர்ப் பேச்சில் பண்ணைக் காரியஸ்தர். 1880இல் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கச் சொல்லி விவசாயிகள் கேட்டார்கள். பிரபு 10 சதவீதத்தோடு நின்றுகொண்டார். கட்டாதவர்களைக் காலி செய்யச் சொல்லி பாய்காட் நோட்டீஸ் அனுப்பினார்.

அதற்குச் சில நாள் முன்புதான் என்னிஸ் ஊர்க் கூட்டத்தில் ஐரிஷ் தலைவர் பார்னெல் பேசியிருந்தார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவனை என்ன செய்யலாம் என்று அவர் கேட்க, 'சுட்டுத் தள்ளு' என்று கத்தியது கூட்டம். வேண்டாம், தெருவிலும் கடையிலும் கோயிலிலும் அவனோடு பேசாதீர்கள், அது போதும் என்றார் அவர்.

மேயோ மக்கள் அதைக் காரியஸ்தர் மேலேயே பிரயோகித்தார்கள். வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். துணி வெளுக்க ஆளில்லை. கடைக்காரர்கள் சாமான் தரவில்லை. அறுவடைக்கு வடக்கிலிருந்து 50 பேரைக் கொண்டுவந்து, காவலுக்கு ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களை நிறுத்தினார்கள். சுமார் 500 பவுண்டு விளைச்சலுக்கு 10,000 பவுண்டு செலவு என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள். நவம்பர் கடைசியில் மனிதர் ஊரைவிட்டே கிளம்பினார். மறுவருஷம் அமெரிக்கா போனபோது 'சார்லஸ் கன்னிங்ஹாம்' என்றுதான் பெயர் கொடுத்தார், பாவம்.

பெயரை வினைச்சொல்லாக்கியவர் உள்ளூர்ப் பாதிரியார் ஓமேலி. ஒதுக்கிவைப்பதற்கு இருந்த கிரேக்க வழிச் சொல் குடியானவர் வாயில் நுழையாது, 'பாய்காட் செய்வது' என்றே சொல்லலாமே என்று ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் அவர் சொன்னாராம்.

தண்ணீர் கொடுக்காதே, கடையில் சாமான் கொடுக்காதே, பேசாதே. கேட்டால் நம்மூர் ஊர்விலக்கு மாதிரியேதான் இருக்கிறது. சேராதவர்களை மிரட்டுவதும் மேயோவில் நடந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர்விலக்கில் ஆள்பலம் உள்ளவன் இல்லாதவனை ஒதுக்குகிறான். மேயோவில் குத்தகைக்காரன் பிரபுவின் ஆளை ஒதுக்கினான். அறுவடைக் கூலி போனாலும் போகட்டும் என்று நின்றான். கைக்காசு ஒன்றும் போகாத ஹேஷ்டேக்குக்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.